விவாதங்களுக்கு நடுவே எளிய விசுவாசம்: மலையகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றும், தலைமுறைகளாக மெதடிஸ்த சபையில் இருக்கும் குடும்பம் ஒன்றும், அண்மையில் பெந்தகொஸ்தே ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கிய குடும்பம் ஒன்றும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பிராக்களில் (அறைகளில்) வாழ்வது இயல்பு. அவர்களைச் சுற்றியுள்ள சொந்தபந்தங்களில் பெரும்பாலானோர் மாரியம்மனையும் முருகனையும் கும்பிடுகிறவர்கள். இவ்வளவு நெருக்கத்தில் வாழும்போது ஞானஸ்நானம், ஓய்வுநாள், அந்நியபாஷை (ஆவியின் ஏவலால் அறியாத மொழியில் பேசுவது), மரியாள் வணக்கம், படையல் சாப்பாடு, கடைசிக்கால வருகை என்று எந்த விவாதம் எழுந்தாலும் அது இறையியல் கல்லூரியோடு நின்றுவிடுவதில்லை. அது வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வந்துவிடுகிறது. தாயும் மகளும் மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள். கேத வீட்டில் யார் ஜெபம் செய்வது என்று பிணத்தை வைத்துக்கொண்டு வாக்குவாதம் நடக்கிறது. இப்போது இவற்றோடு யூடியூப்பிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து சேரும் தமிழ்நாட்டுப் பிரசங்கிமாரின் சண்டைகளும் கலந்துகொண்டுள்ளன. இத்தனைக்கும் நடுவில் இயேசுவை நேசித்து, அயலாருக்கு உண்மையாக இருந்து வாழ விரும்பும் ஒருவர் நடைமுறையில் என்ன செய்யலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

எளிய விசுவாசம் என்பது யோசிக்காத விசுவாசம் அல்ல. “எனக்கு ஒன்றும் தெரியாது, சொன்னதை நம்புகிறேன்” என்று இருப்பவரை முதலில் வருகிற உரத்த குரலே இழுத்துக்கொண்டு போய்விடும். எதன்மேல் தன் முழுப் பாரத்தையும் வைக்க வேண்டும், எதை நல்ல மனதோடு திறந்த கேள்வியாக விட்டுவைக்கலாம் என்று பிரித்தறிந்தவருடைய விசுவாசமே எளியது. அதைப் பழகத்தான் வேண்டும்.

ஆகவே முதல் வேலையாக, நீங்கள் உண்மையில் நம்புவதை அரைப் பக்கத்துக்கு மேற்படாமல் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் மூன்று பகுதிகளை வாசியுங்கள். கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்பதே தான் பெற்றுக்கொண்டதும் ஒப்புக்கொடுத்ததுமான பிரதான செய்தி என்று பவுல் 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் சொல்கிறார். எல்லாக் கட்டளைகளிலும் பெரியது எது என்று கேட்டவருக்கு, தேவனை முழு இருதயத்தோடு நேசிப்பதும் அயலானைத் தன்னைப்போல் நேசிப்பதும் என்று மாற்கு 12ஆம் அதிகாரத்தில் இயேசு பதில் தருகிறார். மூன்றாவது, மத்தேயு 6ஆம் அதிகாரத்திலுள்ள கர்த்தருடைய ஜெபம். இவற்றோடு அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கத்தோலிக்கரும் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையாரும் அதை ஆராதனையில் சொல்கிறார்கள். பெந்தகொஸ்தே சபைகள் பல அதை ஓதுவதில்லை என்றாலும் அதில் உள்ளவற்றை நம்பவே செய்கின்றன. ஞானஸ்நானத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்றோ, ஆராதனையில் எந்த இசைக்கருவி ஒலிக்க வேண்டும் என்றோ அந்தப் பிரமாணத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த மௌனத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எழுதிய அரைப் பக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள். இந்த முறை நமக்குப் புதிதல்ல. 1850களில் கண்டியை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்யத் தமிழ் கூலி மிஷன் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாக நடந்து போன உபதேசிமார் பெரும்பாலும் எழுத்தறியாத மக்களிடமே பேசினார்கள். வாய்மொழியாகக் கேட்டு, நெஞ்சில் வைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த மக்களின் வழியாகத்தான் இந்த விசுவாசம் பலருடைய வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எழுத வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்குப் பேரப்பிள்ளைகள் மாலையில் மாற்கு நற்செய்தியை வாசித்துக் காட்டலாம். அதில் 16 அதிகாரங்களே உண்டு. நாளுக்கு ஒன்றாக வாசித்தால் மாதம் முடிவதற்குள் இயேசுவின் வாழ்வு முழுவதும் அந்தக் காம்பிராவுக்குள் ஒருமுறை கேட்டுவிடும். விவாதத்தில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் ஒரு நற்செய்தி நூலையாவது தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலை உண்டாகிறது.

அடுத்தபடியாக, ஒரு விவாதம் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது அதன் எடையைப் பாருங்கள். இது கிறிஸ்து யார், அவர் செய்தது என்ன என்பதை மாற்றுகிறதா? இதை ஏற்றால் நான் அயலாரை நடத்தும் விதம் கெட்டுப்போகுமா? இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால், இது ரோமர் 14ஆம் அதிகாரம் பேசுகிற மனச்சாட்சி விஷயம். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாட்களையும் ஒன்றாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்று பவுல் அங்கே எழுதுகிறார். சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்ற சண்டைக்கு இதற்கு மேல் நான் இடம் கொடுக்க மாட்டேன்.

எல்லா விவாதமும் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் குமாரன் மெய்யாகவே தேவனா, படைக்கப்பட்டவரா என்று வாதிட்டார்கள். அந்தக் கேள்விக்கு வேறு பதில் தரப்பட்டிருந்தால் நாம் யாரிடம் ஜெபிக்கிறோம் என்பதே மாறியிருக்கும். அப்படிப்பட்ட கேள்விக்கு உறுதியாக நிற்க வேண்டும். ஆனால் தோட்டத்தில் குடும்பங்களைப் பிரிக்கிற சண்டைகளில் மிகச் சிலவே இந்த வகையைச் சேர்ந்தவை.

ஞானஸ்நானத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் மலையகத்தில் அதிகக் கண்ணீருக்குக் காரணமாயிருப்பது இதுவே. குழந்தையாக இருந்தபோது கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற மகள் திருமணமாகிப் போன இடத்தில் வேறொரு சபையில் சேருகிறாள். அங்கே, அது ஞானஸ்நானமே அல்ல, மீண்டும் மூழ்கி எடுக்க வேண்டும் என்கிறார்கள். கையில் பிள்ளையை ஏந்திக்கொண்டு பாதிரியார்முன் நின்ற அந்தத் தாய்க்கு, தான் தேவனுக்கு ஒப்புக்கொடுத்தது ஒன்றுமில்லாததாகிவிட்டது என்று தோன்றுகிறது. மகளுக்கோ, தாய் தன் கீழ்ப்படிதலுக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று தோன்றுகிறது. இருவரும் தேவனை நேசிப்பதனால்தான் இவ்வளவு நோகிறார்கள் என்பதை இருவரிடமும் யாராவது சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வி மிகப் பழையது. 1525இல் சூரிச் நகரில் சிலர் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்து, விசுவாசித்த பெரியவர்களாக மீண்டும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் அதே நகரின் சீர்திருத்த (புரட்டஸ்தாந்து) ஆட்சியாளர்கள் லிம்மத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். வேதத்துக்குத் திரும்புவோம் என்று புறப்பட்டவர்களே, வேதத்தை வேறு விதமாக வாசித்த சகோதரனைத் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகள் ஞானஸ்நானம் ஒருமுறை மட்டுமே என்று இன்றும் கற்பிக்கின்றன. பாப்திஸ்து, பெந்தகொஸ்தே சபைகள் தானாக விசுவாசித்தவர் பெறுவதே ஞானஸ்நானம் என்று கற்பிக்கின்றன. இரு பக்கமும் வேதத்தை மதித்து வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்களிடம் மீண்டும் ஞானஸ்நானம் பெறும்படி கேட்டால் அவசரப்பட்டு நாள் குறிக்காதீர்கள். “பாஸ்டர், நான் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அம்மாகிட்டயும் எங்க பழைய சபை ஐயர்கிட்டயும் பேசிட்டு வாரேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். உண்மையான மேய்ப்பர் அதற்குக் காத்திருப்பார். காத்திருக்க மறுத்து நரகத்தைக் காட்டி மிரட்டுகிறவர் எப்படிப்பட்டவர் என்பது அதிலிருந்தே உங்களுக்கு விளங்கிவிடும். பிறகு இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: என் பெற்றோர் எனக்காகச் செய்ததை நீங்கள் எப்படி மதிக்கிறீர்கள்? முடிவு எதுவானாலும், மறுபடி பெறுவதானாலும் பெறாமல் இருப்பதானாலும், அதைத் தாய் மற்றவர் வாயால் கேட்க விடாமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் தந்த விசுவாசம் பொய் என்ற ஒரு சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

அதற்கு அடுத்த பெரிய சிக்கல் திருவிழாக் காலம். தோட்டத்து அம்மன் கோயிலில் திருவிழா வந்தால் பக்கத்து வீட்டு அக்கா தட்டில் பொங்கலும் பழமும் கொண்டுவருவார். சாப்பிடலாமா என்ற கேள்வி கொரிந்து பட்டணத்துக் கிறிஸ்தவர்களுக்கும் இருந்தது. 1 கொரிந்தியர் 8, 10 ஆகிய அதிகாரங்களில் பவுல் அதை நீண்ட நேரம் பொறுமையாகப் பேசுகிறார். ஒருவர் வீட்டில் விருந்துக்கு அழைக்கப்பட்டால் முன்வைக்கப்படுவதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடலாம். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாமல் விட வேண்டும். பவுலின் முழுக் கவலையும் எதிரே நிற்கும் மனிதரைப் பற்றியதாக இருப்பதைப் பாருங்கள். ஒருவர் மனம் உறுத்தாமல் வாங்கிச் சாப்பிட்டால் அவரைப் பின்வாங்கியவர் என்று தூற்றாதீர்கள். நீங்கள் சாப்பிடுவதில்லை என்று தீர்மானித்திருந்தால், தட்டு முகத்துக்கு நேரே வந்த பிறகு தள்ளிவிடாமல், திருவிழாவுக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள்: “அக்கா, உங்க அன்புக்கு ஒரு குறையும் இல்ல. படைச்சதை மட்டும் நான் சாப்பிடுறதில்ல. வீட்டுல சமைச்சதைக் குடுங்க, தேத்தண்ணியும் குடிச்சிட்டுத்தான் போவேன்.” சொன்னபடியே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பொழுது விடிந்தால் ஒரே மலையில் ஒன்றாகக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் நீங்கள்.

அந்நியபாஷை பேசாதவருக்குப் பரிசுத்த ஆவி இல்லை என்று சொல்வோரும், பேசுவதெல்லாம் பாசாங்கு என்று சொல்வோரும் 1 கொரிந்தியர் 12 முதல் 14 வரை ஒரே மூச்சில் வாசித்தால் போதும். நடுவில் இருக்கும் 13ஆம் அதிகாரம் அன்பைப் பற்றியது. கடைசிக்காலத் தேதிகளைக் கணக்கிடும் காணொளிகளைப் பொறுத்தவரை, அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறொருவரும் அறியார் என்று இயேசுவே சொல்லியிருக்க, அவற்றை மற்றவருக்கு அனுப்பாமல் விடுவதே சரி.

எளிய விசுவாசம் சில இடங்களில் விட்டுக்கொடுக்காமல் “இல்லை” என்று சொல்லவும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. மழைக்காலம் தோறும் அந்தப் பயம் மலையகத்தில் எங்காவது ஒரு சரிவில் மறுபடி எழுகிறது. இப்படிப்பட்ட வேளைகளில் “அவர்கள் பாவம் செய்தார்கள்”, “விக்கிரகங்களை வணங்கியதால் வந்தது” என்று பேசும் குரல்கள் கேட்கின்றன. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியை இயேசு எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளாயிருந்தார்கள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். இதற்கு மேல் ஒரு கிறிஸ்தவர் இறந்தவர்கள்மீது தீர்ப்புச் சொல்ல இடமில்லை. மண்சரிவு அபாயம் உள்ள சரிவுகளில் மக்களைக் குடியிருக்க விட்டது யார் என்ற கேள்வியை நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் புதைந்தவர்களின் பாவத்தைத் தேடும் வேலை நம்முடையதல்ல.

கேத வீட்டுக்குப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தவறியது பேசத் தொடங்கிய பிறகுதான். இறந்தவர் ஞானஸ்நானம் பெற்றவரா, எந்தச் சபைக்காரர், மோட்சம் போனாரா என்று அங்கே ஆராயாதீர்கள். நாற்காலி தூக்குங்கள், தண்ணீர் பிடித்து வையுங்கள், அழுகிறவர்களோடு அழுங்கள். அடக்க ஆராதனையை யார் நடத்துவது என்ற தகராறு வராமலிருக்க ஒரே வழி, உயிரோடு இருக்கும்போதே பெரியவர்களின் விருப்பத்தைக் கேட்டு அறிந்து, அதை இரண்டு பேர் அறியச் சொல்லி வைப்பதுதான்.

இன்னொரு “இல்லை” மருந்தைப் பற்றியது. ஜெபத்தால் சுகம் கிடைத்துவிட்டது, இனி மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று சொல்லி பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிளினிக்கில் தரும் மருந்தை நிறுத்தச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். நற்செய்தி எழுதிய லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று பவுல் கொலோசெயர் நிருபத்தில் அழைக்கிறார். ஜெபம் செய்யுங்கள், மருந்தையும் விடாதீர்கள். சுகம் உண்மையானால் அடுத்த கிளினிக் நாளில் டாக்டரே மருந்தைக் குறைப்பார். பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அவனவன் தன் மனதில் நியமித்தபடியே, விசனமாயுமல்ல கட்டாயமாயுமல்ல, கொடுக்கக்கடவன் என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. நாட்சம்பளத்தில் வாழ்ந்து, நகையை அடகில் வைத்திருக்கும் ஒரு தாயிடம், காணிக்கை குறைந்ததால் ஆசீர்வாதமும் குறையும் என்று சொல்லி வாங்குவது கொள்ளை. அதை உபதேச வேறுபாடு என்று மரியாதையாகப் பெயரிட்டு விட்டுவிடக்கூடாது.

விவாதங்களைத் தாண்டி ஒன்றாக நிற்பது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், கண்டியின் வரலாற்றைக் காட்டுங்கள். ஒல்லாந்தருடைய சீர்திருத்தச் சபை ஆட்சியில் கரையோரக் கத்தோலிக்கர்கள் ஒடுக்கப்பட்ட காலத்தில், கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, 1692இல் கண்டிக்குப் போனார். உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். 1697இல் பெரியம்மை பரவியபோது, பலரும் நகரைவிட்டு ஓட, அவர் மத வேறுபாடு பாராமல் நோயாளிகளைப் பராமரித்து, இறந்தவர்களை அடக்கம் செய்தார். கிறிஸ்தவர் துரத்திய கிறிஸ்தவருக்குப் பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியன் இடம் கொடுத்தான் என்பதை நாம் தலைகுனிந்து வாசிக்க வேண்டும். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்த அவரை 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார். அவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஒருவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை. நம் காலத்திலும் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பாப்திஸ்து சபைகளின் வருங்காலப் போதகர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள். 1999 ஒக்டோபர் 31இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும், ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்த நீதிமானாக்கப்படுதல் (மனிதன் தேவனுக்குமுன் எப்படி நீதிமானாக ஏற்கப்படுகிறான்) என்ற கேள்வியின் அடிப்படைகளில் ஒத்துப்போவதாகக் கையெழுத்திட்டார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டிய கத்தோலிக்க ஆலயங்களிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டு வைத்தவர்கள், உள்ளே இருந்தவர்களைச் சபை பார்த்துப் பிரிக்கவில்லை.

ஒன்றாக நிற்பதைச் சிறிய காரியத்தில் தொடங்குங்கள். பக்கத்து லயத்தில் பிரசவமான பெண்ணுக்கு வேறு சபைக்காரரோடு சேர்ந்து சாப்பாடு கொண்டுபோவது, நத்தார் கரோலுக்கு இரண்டு சபைப் பிள்ளைகளையும் ஒரே குழுவாக அனுப்புவது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மின்சாரம் உள்ள ஜெபவீட்டை மாலையில் திறந்துவிடுவது போன்றவற்றுக்கு எந்த உபதேச ஒப்பந்தமும் தேவையில்லை. கைத்தொலைபேசியில் ஒரு விவாதக் காணொளி வந்தால், அதில் காட்டப்படும் வசனத்தின் முழு அதிகாரத்தையும் வாசித்து முடிக்கும் வரை அதை யாருக்கும் அனுப்புவதில்லை என்று உங்களுக்கே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) ஓடுகிற பெண்ணிடம் நீண்ட தனித்தியானத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல. மலைக்கு ஏறும் வழியில் கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொன்னால் அது முழுமையான ஜெபமே.

சில வேளை, இவ்வளவுக்குப் பிறகும், இருக்கும் சபையில் தொடர முடியாமல் போகலாம். மற்றவர்களைத் தினந்தோறும் சபிக்கும் பிரசங்கம், கணக்குக் காட்டாத பணம், கேள்வி கேட்டால் ஒதுக்கிவைத்தல் ஆகியவை போதுமான காரணங்கள். பாட்டு பிடிக்கவில்லை, இன்னாரோடு மனத்தாங்கல் என்பவை காரணங்கள் அல்ல. விலகுவதானால் போதகரை நேரில் கண்டு காரணத்தைச் சொல்லுங்கள். உங்களிடம் ஆலயச் சாவியோ காணிக்கைப் புத்தகமோ இருந்தால் இரண்டு பேர் பார்த்திருக்க ஒப்படையுங்கள். மற்றக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் சந்தாவை மட்டும் நிறுத்தாமல் கட்டி வாருங்கள். அங்கே உங்களோடு பெயர் பதிந்திருப்பவர்களில் நீங்கள் விட்டுவந்த சபையாரும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக் கேதத்துக்கு நீங்கள் போக வேண்டும்.